பட்டறை வீதி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். சின்ன ஊரில் இருந்துகொண்டு புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா, எங்கே தொடங்குவது, எங்கே மாட்டிக்கொள்வோம். பட்டறை, பின்னலாடை, காப்புரிமை என்று அந்தந்தத் துறையில் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். "புதுசா ஏதாவது பண்ணணும்னா பெங்களூர் போயிரு" என்கிறார்கள் நண்பர்கள். ஊரோடு இருந்தால் வாய்ப்பே இல்லையா?
– மாணவர், அன்னூர்

என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே! செயலி, மென்பொருள் என்றால் நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆளும் முதலீடும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. இரும்பு, நூல், மோட்டார், தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றால் ஊரை விட்டுப் போவது நஷ்டம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். லேசர் கட்டிங், பெண்டிங், லேத், மில்லிங், வயர்கட், ஹீட் ட்ரீட்மெண்ட், பவுடர் கோட்டிங் எல்லாம் மொபெட் தூரத்தில் இருக்கின்றன. காலையில் வெட்டிய தகடு தப்பாக இருந்தால் மறுநாளே வேறு வெட்டி வாங்கலாம். பெரிய நகரத்தில் அதே தப்பைத் திருத்த ஒரு வாரம் போகும். தப்பு செய்ய ஆகும் செலவு குறைவு என்பதுதான் நம் ஊரின் பலம்.

இது திடீரென்று வந்ததல்ல. 1888-லேயே கோவைக்குப் பஞ்சாலை வந்துவிட்டது. 1930-களில் நீலகிரிப் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு உதிரி பாகம் செய்து பழகிய கை, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்பு செய்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே செய்தார்கள் என்றால், அவர்களின் திறமையோடு சேர்த்து, மோட்டாருக்குக் காத்திருந்த கிணறும் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பட்டறையும் ஒரே ஊரில் இருந்ததையும் சொல்ல வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். சொந்த ஊரில் செய்ததை யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்குது கண்ணு" என்பார்கள். அந்தப் பேச்சை வைத்து இரண்டாவது மிஷினுக்குத் தகடு வாங்கிவிடாதீர்கள். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்கட்டும்.

ஏனுங்க, நிலக்கடலை உடைக்கிற சின்ன மிஷின் ஒன்று மனசில் இருக்குது. ஒரு ஹெச்.பி. மோட்டார், உள்ளே சுத்துற தண்டு, கீழே சல்லடை. நேரா ஃபவுண்டரியில பாடி வார்த்து நாலு சாம்பிள் எடுத்துரலாம்னு மச்சான் சொல்றார். சரிங்களா?
– வெல்டிங் பட்டறைக்காரர், வெள்ளகோவில்

மச்சான் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி வார்ப்பது கடைசியில் வர வேண்டியது. பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி உருவம், செய்து வார்த்த பிறகு "இந்த ஓட்டை அரை அங்குலம் தள்ளி இருந்திருக்கணும்" என்று தோன்றும், கண்டிப்பாகத் தோன்றும். அப்போது பேட்டர்ன் காசும் போச்சு, வார்ப்புக் காசும் போச்சு.

முதல் மிஷினை 3 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகட்டில் லேசர் கட்டிங் செய்து, வளைத்து, போல்ட் போட்டு மாட்டுங்கள். முதலிலேயே வெல்டிங் வேண்டாம். பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். பேரிங் உட்காரும் வீட்டைக் கடைய வேண்டியதும் இல்லை. 20 மி.மீ. தண்டுக்கு யூ.சி.பி. 204 என்று கேட்டால் பேரிங் கடையில் வீட்டோடு கிடைக்கும். தண்டு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். கையால் செய்த முதல் சட்டத்தில் கோணல் இல்லாமல் இருக்காது.

லேசர் கடைக்குக் கொடுக்கும் படம் டி.எக்ஸ்.எஃப். என்ற கம்ப்யூட்டர் வரைபட ஃபைலாக, மி.மீ.யில், ஒன்றுக்கு ஒன்று அளவில் இருக்கட்டும். ஓட்டையின் விட்டம் தகட்டுக் கனத்துக்குக் குறையக் கூடாது. வளைக்கும் கோட்டிலிருந்து ஓட்டையின் விளிம்பு 11 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் வளைக்கும்போது வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். உள் வளைவின் ரேடியஸ் 3 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைக்கும் கோடு தகட்டை உருட்டிய திசையிலேயே ஓடினால் வெளிப்பக்கம் வெடிப்பு விடும், குறுக்காக வையுங்கள்.

வளைத்த பிறகு அளவு வருவதில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே தகட்டில் 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் 90 டிகிரி வளைக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 100 வராது, 3 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. ரேடியஸுக்கு 105.4 பக்கம் வரும். மிகையாக வந்த அந்த 5.4-ஐ ஒவ்வொரு வளைவுக்கும் படத்தின் விரிப்பு நீளத்தில், அதாவது வளைக்கும் முன் உள்ள தட்டை நீளத்தில், கழித்துக்கொள்ளுங்கள். கடை மாறினால், வளைக்கும் அச்சான டை மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆகவே எந்தக் கடையில் வளைக்கப் போகிறீர்களோ அங்கேயே துண்டையும் வளைத்துப் பாருங்கள்.

மோட்டார் 1440 ஆர்.பி.எம். என்றால், மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, தண்டில் 18 அங்குலப் புல்லி; தண்டு 240 சுற்று சுற்றும். முதல் சோதனைக்கு அது போதும். தண்டில் மாட்டிக் காயை உடைக்கும் கட்டைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியை 10 முதல் 25 மி.மீ. வரை மாற்றும்படி வட்ட ஓட்டைக்குப் பதில் நீள் ஓட்டையாக வெட்டி வையுங்கள். உங்கள் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த நீள் ஓட்டையில்தான் இருக்கிறது.

பிறகு சோதனை. ஒவ்வொரு தடவையும் 10 கிலோ காய். முழுப் பருப்பு எத்தனை கிலோ, உடைந்தது எத்தனை, உடைபடாத காய் எத்தனை என்று தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடைவெளியையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று கடைசிவரை தெரியாது. காய் ரொம்பக் காய்ந்திருந்தால் எந்த மிஷினிலும் பருப்பு உடையும். லேசாகத் தண்ணீர் தெளித்து, சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்து உடைத்துப் பாருங்கள். மிஷினின் குற்றமா காயின் குற்றமா என்று அப்போது பிரிந்துவிடும்.

மாதம் இருபது, முப்பது மிஷின் போகும் நிலை வந்தால் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஃபவுண்டரிக்குப் போகலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. சுருங்கும், பேட்டர்ன் அவ்வளவு பெரிதாக வேண்டும். கடையும் முகங்களில் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். மண்ணிலிருந்து பேட்டர்ன் உருவ 1 முதல் 2 டிகிரி சாய்வு வேண்டும். மண்ணில் ஈரம் கூடினாலோ உள் துளைக்காக வைக்கும் மண்கட்டையான கோருக்குக் காற்றுவழி இல்லாமல் போனாலோ ஊதுஓட்டை விழும். ஒரே வார்ப்பில் ஓரிடம் தடிப்பாக, பக்கத்தில் மெல்லிசாக இருந்தால் தடிப்பின் உள்ளே குழி விழும்; மெல்லிய மூலை வேகமாகக் குளிர்ந்து வெள்ளை இரும்பாகி டிரில்லே ஏறாது. இந்த இரண்டும் ஃபவுண்டரிக்காரர் தப்பு அல்ல, படம் போட்டவர் தப்பு. அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் படத்தை எடுத்துப் பாருங்கள்.

அப்போது யூ.சி.பி.யை விட்டு 6204 பேரிங்குக்கு மாறுவீர்கள். அதன் வெளி விட்டம் 47, உள் விட்டம் 20, அகலம் 14. வீட்டின் துளை 47.000-க்கும் 47.025-க்கும் இடையில், தண்டு 20.002-க்கும் 20.015-க்கும் இடையில். லேத்காரருக்கு "டைட்டா வேணுங்க" என்று சொல்லாமல் இந்த எண்களை எழுதிக் கொடுங்கள்.

ஒரே ஒரு பீஸ் என்றால் லேத்தில் வாங்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று மூன்று வாரம். என்ன செய்ய?
– வாசகர், சங்ககிரி

அவர் பக்கம் நின்று பாருங்கள். ஐந்நூறு பீஸ் ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்கைக் கலைத்து உங்கள் ஒரு பீஸை மாட்ட வேண்டும். முடிந்ததும் பழைய செட்டிங்கைத் திரும்பப் போட வேண்டும். வெட்டும் நேரம் பத்து நிமிஷம், செட்டிங் நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணிக்கான கூலியை நீங்களே முன்வந்து சொல்லுங்கள், பேச்சே மாறும். ராடையும் நீங்களே அறுத்து, இரண்டு பக்கமும் 5 மி.மீ. கூடுதல் விட்டுக் கையோடு கொண்டு போங்கள். படத்தில் எல்லா அளவுக்கும் டாலரன்ஸ் (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற எல்லை) போட்டுப் பயமுறுத்தாமல், முக்கியமான மூன்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் சாம்பிள் வேலையை எடுத்துக்கொண்டு எந்தப் பட்டறை வாசலுக்கும் போகாதீர்கள்.

மூங்கில் – பருத்தி கலந்த நூலில் குழந்தை உடுப்புக்குத் துணி ஓட்டிப் பார்க்க ஆசை. 10 கிலோ போதும். திருப்பூரில் நிட்டிங் யூனிட் யாருமே எடுக்க மாட்டேன் என்கிறார்கள். இத்தனை மிஷின் இருந்து என்ன புண்ணியம்?
– வாசகி, அவிநாசி

கணக்கைப் பாருங்கள், கோபம் ஆறும். 24 அங்குல டயா (விட்டம்) உள்ள, பனியன் துணி பின்னும் சிங்கிள் ஜெர்சி மிஷினில், நூலை ஊட்டும் ஃபீடர் விட்டத்தின் அங்குலத்துக்கு மூன்று என்றால் 72 ஃபீடர். 72 கோன் (நூல் சுற்றிய கூம்பு) ஒரே நேரத்தில் மாட்ட வேண்டும். கடையில் வாங்கும் கோன் ஏறக்குறைய 2 கிலோ. நீங்கள் கேட்கும் 10 கிலோவுக்கு ஐந்து கோன்தான் வரும். அதை 72 சின்னக் கோனாக, ஒவ்வொன்றிலும் 140 கிராம் வீதம் பிரித்துச் சுற்றினால்தான் மிஷின் ஓடும். யார் சுற்றுவது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, நூலை ரீவைண்டிங் கொடுத்து 72 கோனாக்கிக் கொண்டு போங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கழிவு போகும் என்பதால் 12 கிலோவாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 12, 14 அங்குலச் சின்ன டயா மிஷின் வைத்திருப்பவரைத் தேடுவது. ஃபீடர் குறைவு, குழந்தை உடுப்புக்கு அகலமும் போதும். எந்த வழியானாலும், நீங்கள் கேட்கும் கேஜில் (அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற அளவில்) ஏற்கனவே வேறு நூல் ஓடி முடியும் நாளைக் கேட்டு, அதன் பின்னாலேயே உங்கள் லாட்டை ஏற்றச் சொல்லுங்கள்.

துணி வந்ததும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். ரோலில் இழுத்துச் சுற்றியது. ஒரு நாள் மேசையில் பிரித்துப் போட்டால் தானே சுருங்கி நிலைக்கு வரும். ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கும் கட்டரில் வெட்டும் வட்டம் 100 சதுர செ.மீ. அதன் எடையைக் கிராமில் எடுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 1.6 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம். ஓரத்தை விட்டு ஐந்து இடத்தில் எடுங்கள்.

சிங்கிள் ஜெர்சியில் தலைவலி கொடுப்பது முறுக்கல். துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். நூலின் முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்ப்பதுதான் காரணம். ஃபீடர் எண்ணிக்கை கூடினாலும் கூடும். முறுக்கு குறைந்த நூல் கேளுங்கள், அல்லது எதிரெதிர்த் திசையில் முறுக்கிய எஸ் முறுக்கு, இசட் முறுக்கு நூலை ஃபீடர் விட்டு ஃபீடர் மாற்றிப் போடச் சொல்லுங்கள். துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் ஓரளவு அடக்கும். ஆனால் வீட்டில் மூன்று தடவை துவைத்தால் உண்மை வெளியே வந்துவிடும். அதனால் மூன்று தடவை துவைத்துவிட்டே அளந்து பாருங்கள்.

சாயத்துக்கு 5, 10 கிலோ சாம்பிள் வெசல் (சாயத் தொட்டி) வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே வந்த நிறம் பெரிய மிஷினில் அப்படியே வராது. துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் வேறு. சாயத்தோடு சேர்க்கும் உப்பை "துணிக்கு இத்தனை சதவீதம்" என்று எழுதாமல் "லிட்டருக்கு இத்தனை கிராம்" என்று எழுதி வாங்குங்கள். கடைசியாக ஒன்று: மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ் இழைதான். ஈரத்தில் அதன் வலு குறையும். லேபிளில் எழுதும் முன் நூல் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் புதிதாக எது செய்தாலும் ஆறே மாதத்தில் பக்கத்துப் பட்டறையில் அதே சாமான். சின்ன ஊரில் ரகசியமே நிற்பதில்லை. பேட்டண்ட் எடுத்தால் நிற்குமா?
– பெயர் வேண்டாம், குமாரபாளையம்

காப்பி அடிப்பது நம் வட்டாரத்தின் வியாதி. அதன் மருந்தும் அதுவேதான். வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் கோவையில் பிறந்தது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்து, ஆளுக்கொரு திருத்தம் போட்டதில்தான் திருப்பி மாவு ஊற்றும் டில்டிங் வந்தது, சமையல் மேடையில் வைக்கும் டேபிள் டாப் வந்தது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற 'கோயமுத்தூர் வெட் கிரைண்டர்'. முதலில் செய்தவரே பூட்டி வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் உங்கள் வயிற்றெரிச்சலுக்கு இது பதில் ஆகாது. செய்யக்கூடியது இது:

யாருக்கும் காட்டும் முன், கண்காட்சியில் வைக்கும் முன், வாட்ஸ்அப்பில் வீடியோ போடும் முன் புரொவிஷனல் (தற்காலிக) காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். படிவம் 1, படிவம் 2. தனிநபர் ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். நம் மாநிலத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும்; தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பரிசோதனைக்குத் தனியாகப் படிவம் 18 போட வேண்டும், 4,000 ரூபாய்; முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். போடாவிட்டால் யாரும் உங்கள் ஃபைலைத் திறக்கவே மாட்டார்கள். விண்ணப்பிக்கும் தனிநபர்களில் ஒருவராவது பெண் என்றால் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். வீட்டம்மா உண்மையிலேயே கூட்டாளி என்றால் பெயரை விட்டுவிடாதீர்கள்.

தெரிந்த இரண்டு சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதற்கெல்லாம் பேட்டண்ட் கிடைக்காது. வெளித்தோற்றம்தான் புதுசு என்றால் டிசைன் பதிவு போதும்: 10 வருஷம், பிறகு 5 வருஷம் நீட்டிக்கலாம்.

சட்டத்துக்கு வெளியே பட்டறைக்காரர்கள் செய்வது வேறு. முழு மிஷினையும் ஒரே இடத்தில் ஜாப் ஒர்க் கொடுக்க மாட்டார்கள். தகடு ஓரிடம், தண்டு ஓரிடம். விஷயம் அடங்கிய அந்த ஒரே பாகத்தைத் தன் லேத்திலேயே கடைவார்கள். படத்தில் பெயர் போடாமல் எண் மட்டும் போடுவார்கள். ரகசியம் நிரந்தரமாக நிற்காதுதான். ஒரு வருஷம் நின்றால் போதும், அதற்குள் அடுத்த மாடலுக்குப் போய்விடலாம்.

எங்கள் மகளிர் குழு, முருகானந்தம் அவர்களின் நாப்கின் மிஷின் போல ஒன்றைக் கண்டுபிடிக்க நினைக்கிறது. எப்படித் தொடங்குவது?
– குழுத் தலைவி, கோபிசெட்டிபாளையம்

2016-ல் பத்மஸ்ரீ பெற்ற கோவை அருணாசலம் முருகானந்தம் என்ன செய்தார் என்று பாருங்கள். பெரிய கம்பெனிகளின் பல கோடி ரூபாய் மிஷின், எல்லா வேலையையும் ஒரே ஓட்டத்தில் செய்கிறது. அவர் அதை நான்காகப் பிரித்தார்: கூழ் அட்டையைப் பஞ்சாக உடைப்பது, அச்சில் அழுத்துவது, மேல்துணி சுற்றி ஒட்டுவது, புற ஊதா ஒளியில் கிருமி நீக்குவது. நான்கும் தனித்தனிச் சின்ன மிஷின். ஒன்று நின்றாலும் பெண்களே கழற்றிச் சரிபார்க்கலாம். ஆரம்பத்தில் பஞ்சை வைத்துச் செய்து தோற்றார். உள்ளே இருப்பது பருத்திப் பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது.

உங்கள் குழுவுக்கும் அந்த வரிசைதான். ஏதாவது ஒரு பெரிய மிஷின் செய்யும் வேலையைப் படிகளாக எழுதுங்கள். எந்தப் படி கையால் முடியும், எந்தப் படிக்கு மோட்டார் வேண்டும் என்று பிரியுங்கள். கச்சாப்பொருள் உண்மையில் என்ன என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துணி, நார் சம்பந்தப்பட்டது என்றால் கோவையில் 1956 முதல் இயங்கும் 'சிட்ரா' ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாப்கினே செய்வதானால் அதற்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 5405-ஐ முதல் நாளே வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்றால் ஏன் திருச்செங்கோடு?
– வாசகர், பரமத்தி வேலூர்

கீழே பாறை, மேலே வறட்சி, பக்கத்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கை. வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் விதவிதமான பாறையில் துளையிடுகின்றன. போன ஆட்கள் ஊர் திரும்பும்போது, எந்த ஊர்ப் பாறையில் எந்தப் பிட் (துளையிடும் முனை) தேய்ந்தது, அதை அடிக்கும் எந்த ஹேமர் மாட்டிக்கொண்டது என்ற சேதியும் கூட வருகிறது. டீக்கடையில் பேசுவது மறுவாரம் பட்டறையில் திருத்தமாகிறது. ஒரு சின்ன உதாரணம்: பிட்டின் முகத்தில் பதித்த கடின உலோகப் பட்டன்கள் தேய்ந்து, தட்டையான முகம் பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகும்போதே கிரைண்டிங் கொடுத்து உருட்டிவிட வேண்டும். இன்னும் நூறு அடி ஓட்டலாம் என்று விட்டால் துளை போடும் வேகம் குறையும், டீசல் கூடும், கடைசியில் பட்டன் உடைந்து குழிக்குள் விழும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைக் கூடம் அமைக்க நன்கொடையாளர்கள் தயார். முதலில் 3டி பிரிண்டர் வாங்கலாமா?
– பள்ளி ஆசிரியர், தாராபுரம்

முதலில் ஆள். வாரத்தில் மூன்று மாலையாவது வந்து நிற்கக்கூடிய, பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பிட்டர் அல்லது டர்னர். அவருக்குச் சம்பளம் ஒதுக்கிய பிறகு மீதிக் காசுக்குச் சாமான். மேசை டிரில்லிங் மிஷின், 5 அங்குல வைஸ் நான்கு, 0.02 மி.மீ. வெர்னியர் நான்கு, மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், ஆர்.பி.எம். பார்க்கும் டேக்கோமீட்டர், 30 கிலோ தராசு, கண்ணாடியும் கையுறையும் ஆளுக்கொன்று. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, மாதம் ஒரு சாக்கு பழைய மோட்டார், மிக்ஸி, கியர் வாங்கிப் போடுங்கள். பிரித்துப் பார்க்காத பிள்ளை சேர்த்துப் பார்க்காது. உங்கள் பள்ளியிலோ பக்கத்திலோ மத்திய அரசுத் திட்டத்தில் அமைத்த செய்முறைக் கூடமான அடல் டிங்கரிங் லேப் ஏற்கனவே இருந்தால் புதுக் கட்டடம் வேண்டாம். மாலையில் அதையே திறந்துவிட அனுமதி கேளுங்கள்.

பிரிண்டர் இரண்டாம் வருஷம். வாங்கிய இடங்களில் தூசி படிந்து கிடக்கக் காரணம் மூன்று. பிரிண்டருக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழையான ஃபிலமெண்ட் ரீலைத் திறந்தே வைப்பதால் ஈரம் ஏறி, பிரிண்ட் செய்யும்போது படபடவென்று பொரிந்து இழை இழையாக வரும்; 45 முதல் 50 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உருகிய இழை வெளிவரும் நாசில் அடைத்தால் மாற்ற யாருக்கும் தெரிவதில்லை, 0.4 மி.மீ. நாசில் ஐந்தாறு சேர்த்தே வாங்குங்கள். மூன்றாவது, பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகம் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் மாலையில் வளைந்து கிடக்கும். மோட்டாரை ஒட்டி மாட்டினாலும் அதே கதி. அங்கெல்லாம் பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் போடுங்கள், 80 டிகிரி பக்கம் வரை தாங்கும்.